ஐந்தரை மணி வகுப்பு

நடுவட்டத்தில் மாலை ஐந்தரை என்றால்
செங்டூவில் எட்டு.
லுவோ லாரியை ஓரங்கட்டிவிட்டு
ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்து வைப்பார்.
யுலான், பல் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுபவள்,
குளித்த தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவாள்.
என் பக்கம் ஒரு கெட்டில், ஒரு யூபிஎஸ்,
ஜன்னலை அடைத்துக்கொண்டு பனிமூட்டம்.
இருபத்தைந்து நிமிஷத்துக்கு நூற்றுப்பத்து ரூபாய்.

இன்றைய சொல்: ரன்.
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
"அகராதியில் அறுநூறு பொருள் போட்டிருக்கிறதே,"
யுலான் கேட்டாள், "எதை முதலில் மனப்பாடம் செய்ய?"

காலால் ஓடுவதில் ஆரம்பித்தேன், அது சுலபம்.
பிறகு மூக்கு ஓடியது. குழாய் ஓடியது. கடை ஓடியது.
புதுச் சிவப்புச் சட்டையின் சாயம்
பக்கத்து வெள்ளைத் துணிக்குள் ஓடியது.
பால் தீர்ந்தால் அதற்கும் ஓட்டம்,
காய்ச்சலில் படுத்தால் படுத்தபடியே ஓட்டம்.
"படுத்தவர் எப்படி ஓடுவார்?" என்றார் லுவோ.
எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும். மூக்கு ஒழுகும்.
சாயம் போகும்.
தண்ணீர் வரும், புதனும் சனியும் மட்டும்.
ஒரே ஆளை எல்லா மலைக்கும் விரட்டுகிற
கங்காணித்தனம் எங்கள் மொழியில் கிடையாது
என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது

கீழ்ச் சாலையில் ஜீப் வந்தது, மைக்கோடு.
எட்டாவது வார்டுக்குச் சிவனம்மா நிற்கிறார்,
ஏணிச் சின்னத்தில் நிற்கிறார்.
"என்ன சத்தம்?"
தேர்தல். ஆங்கிலத்தில் இதற்கும் ரன்தான்,
வேட்பாளர் ஓடுவார்.
"உங்கள் மொழியில்?"
நிற்பார்.
யுலான் எழுதாமல் பேனாவை மூடினாள்.

எங்கள் பாவ்வும் லேசுப்பட்டதில்லை, என்றார் லுவோ.
டயரில் காற்று இறங்கினால் பாவ்.
வியாபாரத்துக்கு ஊர் ஊராய் அலைந்தால் பாவ்.
கடன் வாங்கியவன் கண்ணில் படாமல் போனால் பாவ்.
இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஓடிப்போவது என்றதும் எனக்கு வாய் நிற்கவில்லை.
என் வீட்டுக்கு இரண்டு வளைவு மேலே
ஒரு பழைய சிறை இருக்கிறது, என்றேன்.
வெள்ளைக்காரன் காலத்தில்
கடல் தாண்டிக் கொண்டுவந்து பூட்டிய சீனர்கள்,
சிங்கோனாக் கன்று நட.
சிலர் ஓடிவிட்டார்களாம்.
சிலர் தண்டனை முடிந்தும் போகவில்லையாம்,
இங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு
காய்கறி போட்டு, மாடு கறந்து,

"டீச்சர், தலைப்பை விட்டு ஓடிவிட்டீர்கள்,"
யுலான் நிறுத்தினாள்.
"அதற்கும் எங்களுக்கு பாவ்."

நாலு நிமிஷம் மீதி.
உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல், என்றார் லுவோ.
ஓடு.
இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். டு வழுக்கியது.
போனை நிமிர்த்தி மேலே காட்டினேன்:
இதுவும் ஓடு, மூன்றாம் வரிசையில் ஒன்று உடைசல்.
ஆமை முதுகில் இருப்பதும் அதுதான்.
"ஆமைக்கா?"
ஆமைக்குத்தான்.
இன்னும் ஒன்று, ஒரு பெயருக்குப் பின்னால் ஒட்டினால்
என்று நான் தொடங்கும்போது
யாரோ காக்கி உடுப்பில் லாரிக் கண்ணாடியைத் தட்டினார்.
"ஐ ஹாவ் டு ரன், டீச்சர்!"
உட்கார்ந்தபடியே சொன்னார் லுவோ,
நான் சொல்லித்தராத பொருள்.
அவர் கட்டம் இருண்டது.

யுலான் போகவில்லை.
நேரம் முடிந்து இரண்டு நிமிஷம், அதற்குக் காசு வராது.
"ஊர் திரும்பாதவர்களின் பெயர் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
கீழே ஜீப் மறுபடி வந்தது. சிவனம்மா நின்றுகொண்டிருந்தார்.
துண்டு நழுவியதையும் கவனிக்காமல்
அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்
ஈரத் தலையோடு.